சுவருக்கு அந்தப் பக்கம் எரியும் விளக்கு

கேள்வி: வீட்டு விளக்குகள், சென்சார்கள் எல்லாவற்றின் இடத்தையும் ஒரே மூலையிலிருந்து அளந்து கணினியில் ஏற்றிவிட்டேன். ஆனாலும் 'பக்கத்து விளக்கைப் போடு' என்றால் அடுத்த அறை விளக்கு எரிகிறது. ஏன்?

பதில்: உங்கள் நிரலுக்குச் சுவர் இருப்பதே தெரியாது. சுவருக்கு அப்பால் 60 செ.மீ.யில் ஒரு விளக்கு, இதே அறையில் 2.5 மீட்டரில் இன்னொன்று என்றால், அது முதலாவதைத்தான் எடுக்கும். கட்டடம், தளம், அறை, மேசை, பொருள் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பதியுங்கள். முதலில் அறையை வைத்து வடிகட்டுங்கள், பிறகு தூரம் பாருங்கள். நடந்து போகும் தூரம் வேண்டுமென்றால் எந்த அறைக்கும் எந்த அறைக்கும் நடுவே கதவு என்பதையும் சேர்க்க வேண்டும்.

பொருளின் இடத்தை அறை மூலையிலிருந்து அளக்காமல், அது இருக்கும் மேசையிலிருந்து அளந்து பதியுங்கள். மேசை (1, 2) மீட்டரில் இருக்கிறது, அதன்மேல் விளக்கு (0.3, 0) என்றால் அறையில் அதன் இடம் (1.3, 2). மேசையை இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் (1, 2.3). விளக்கின் பதிவைத் தொடவே வேண்டாம், மேசையின் கோணத்தை மாற்றினால் போதும். கோணத்துக்கு இடமே ஒதுக்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கேள்வி: ப்ளூடூத் பீக்கன் (விடாமல் சிக்னல் அனுப்பும் சிறு கருவி) ஒட்டிய பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது. திரையில் மட்டும் இரண்டு அறைக்கும் மாறி மாறித் தாவுகிறதே?

பதில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் உறிஞ்சும், உலோக அலமாரி திருப்பி அடிக்கும். குறுக்கே ஓர் ஆள் நின்றாலே சிக்னல் சில டெசிபல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகு) இறங்கிவிடும். திறந்தவெளியில் 6 டெசிபல் குறைந்தால் தூரம் இரட்டிப்பு என்று கணக்கு, அதனால் சிறு சரிவும் பெரிய தாவலாகத் தெரிகிறது.

கடைசி 7 சிக்னல் அளவுகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்கள், சராசரி வேண்டாம். ஒரே ஒரு தப்பு அளவு சராசரியைக் கெடுத்துவிடும். அடுத்த அறையில் சிக்னலை வாங்கும் ரிசீவர் 6 டெசிபல் கூடுதலாக, 10 விநாடி தொடர்ந்து காட்டினால் மட்டுமே அறையை மாற்றுங்கள். பொதுச் சுவரில் ரிசீவரை மாட்டியிருந்தால் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீரும். இடத்தோடு பிழை எல்லையையும் அளந்த நேரத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

கேள்வி: அறைப் பெயர் மட்டும் இருந்தால் போதாதா?

பதில்: விளக்கு போட, அணைக்கப் போதும். கை நீட்டிக் காட்டும் பொருளைக் கணினி அறியவோ, ரோபோ போய் எடுக்கவோ போதாது.