டிராக் காரை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: என்னிடம் 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, ரோல் கேஜும் (கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு) பக்கெட் சீட்டும் போட்டு ரேஸ் டிராக்குக்கென்றே வைத்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வருஷத்துக்கு நாலைந்து நாள் ஓட்டுவேன். மற்ற நாளெல்லாம் ஷெட்டில்தான் நிற்கிறது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஒரு நாள் வாடகைக்குக் கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. கொடுக்கலாமா? எவ்வளவு கேட்கலாம்?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கொடுக்கலாம், காரோடு நீங்களும் போவதாக இருந்தால். சாவியை மட்டும் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் வேண்டாம்.

முதலில் அந்த இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கு விடுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குத் தனியார் கார் பாலிசியில் காப்பீடு கிடையாது. டிராக்குக்கு வாடகைக்கு விட்டால் ஒன்றுக்கு இரண்டு காரணம் சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிடும். கார் தடுப்பில் மோதினால் ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்தது ரோடு. ஓன் போர்டு காரை வாடகை வாங்கிக்கொண்டு ரோட்டில் ஓட்டக் கொடுத்தால் அது பெர்மிட் இல்லாத ஓட்டம். செல்ஃப் டிரைவ் வாடகைக் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1989-ம் ஆண்டுத் திட்டத்தின்படி அந்த லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 50 கார் வேண்டும். ஒரு கார் வைத்திருப்பவருக்கு அது நடக்காத காரியம். அனுமதியில்லாத மாற்றங்களோடு ரோட்டில் சிக்கினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர் மேல் போட மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோங்கள், அப்படியே ஏற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தச் செலவையும் வாடகையில் சேர்த்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் இனிதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 150-வது பிரிவு, வாடகைக்குக் கொடுத்த பொருளில் குறை இருந்து, அதனால் வாடகைக்கு எடுத்தவருக்குப் பாதிப்பு வந்தால், அந்தக் குறை உங்களுக்குத் தெரியாமல் இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்கிறது. சும்மா இரவலாகக் கொடுத்திருந்தால், தெரிந்தே சொல்லாமல் மறைத்த குறைக்குத்தான் பொறுப்பு. பணம் கை மாறியதும் "எனக்குத் தெரியாதே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

சில வருஷம் முன்பு நண்பர் ஒருவருக்கு என் காரைக் கொடுத்தேன். மூன்றாவது லேப்பிலேயே பிட்டுக்குள் (டிராக் ஓரம் கார் நிறுத்தும் இடம்) வந்துவிட்டார். முகத்தில் ரத்தமில்லை. "பெடல் தரையைத் தொடுது" என்றார். முன்சக்கரத்துப் பக்கம் குனிந்தால் கருகல் வாடை, கிட்டே கை கொண்டுபோக முடியாத சூடு. தப்பு என்னுடையது. பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருக்கும் ஈரத்தை அது மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும், அப்போது தரநிலை கேட்கும் அளவே 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும், மிதித்த அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. நான் ஓட்டியபோது அது தெரியாததற்குக் காரணம் உண்டு. பழகியவர்கள் பிரேக்கை அழுத்தமாகக் கொஞ்ச நேரம் மிதித்து விட்டுவிடுவார்கள். புதியவர்கள் வளைவுக்கு வெகு முன்பிருந்தே மிதித்துக்கொண்டே வருவார்கள், சூடு ஆறவே ஆறாது. உங்கள் கைக்கு அடங்கிய கார் இன்னொருவர் காலுக்கும் அடங்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வாடகைக்கு முன்பும் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பிரேக் பேட் கனத்தையும் டயரையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு செஷன் (டிராக்கில் ஒரு தடவை இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்ததும் வீல் நட்டு சரியாக இறுகியிருக்கிறதா என்று டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். சூடாக வந்து நின்ற காரில் ஹேண்ட் பிரேக் இழுக்க விடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். காரோடு நீங்களும் போக வேண்டும் என்று நான் சொன்னது இதற்கெல்லாம்தான்.

சரி, வாடகை. கிலோமீட்டர் கணக்கு டிராக்கில் உதவாது. இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கி.மீ. ஒரு செஷனில் எட்டு லேப் போனாலும் 30 கி.மீ.தான் ஆகும், அதற்குள் டயரும் பேடும் படுகிற பாட்டை ரோட்டில் பல நூறு கி.மீ. ஓடினாலும் படாது. செஷன் கணக்கில் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு செட் டயர் 32,000 ரூபாய், 40 செஷன் தாங்குகிறது என்றால், டயருக்கு மட்டும் செஷனுக்கு 800 ரூபாய். இப்படியே பேட், டிஸ்க், கிளட்ச், இன்ஜின் ஆயில், பெட்ரோல், மெக்கானிக் கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அப்புறம் என்றைக்காவது இன்ஜினைப் பிரிக்கப்போகிற செலவில் ஒரு பங்கு. இத்தனைக்கும் மேலே வருவதுதான் உங்கள் லாபம். இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தபின் பலர் வாடகை யோசனையையே விட்டுவிடுகிறார்கள், அதுவும் நல்ல முடிவுதான்.

கேள்வி: "விபத்து நடந்தால் உரிமையாளர் பொறுப்பல்ல" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?
– வாசகர், கோவை

பதில்: போதாது. ஆபத்து இருப்பது தெரிந்தே ஓட்டினார் என்பதற்கு அது சாட்சியாகும், அவ்வளவுதான். தேய்ந்த பேடோடு கொடுத்த உங்கள் அஜாக்கிரதையை அந்தத் தாள் கழுவாது. உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வருகிற கிரிமினல் வழக்கையும் இரண்டு பேர் போட்டுக்கொண்ட கையெழுத்து நிறுத்தாது. ஓட்டுபவரைத் தன் பெயரில் விபத்துக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். மோட்டார் பந்தயத்தையும் டிராக் ஓட்டத்தையும் அந்த பாலிசி விலக்கவில்லையா என்று காப்பீட்டுக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிராக் டேக்காக (ஆர்வமுள்ளவர்கள் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஒருவரிடம் கார் வாடகைக்கு எடுத்தேன். இரண்டாவது செஷனில் இன்ஜின் நின்றுபோனது. நான் தப்பான கியர் போட்டதாகச் சொல்லி 40,000 ரூபாய் முன்பணத்தைத் தர மறுக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை.
– வாசகர், சென்னை

பதில்: அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு இறக்கும்போது கை இடப்பக்கம் சாய்ந்தால் இரண்டாவதில் விழுந்துவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால், இன்ஜின் சுழற்சி எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது, வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஆனால் வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். காரில் கேமராவோ, ஓட்டத்தைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரோ இருந்தால் பதிவைக் கேளுங்கள். இன்ஜினைப் பிரிக்கும்போது நீங்களோ, உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலாவது இன்றைக்கே எழுதி அனுப்புங்கள். பிரித்துக் கழுவிவிட்டால் தடயம் போய்விடும்.

தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, சாதாரணமாக ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152-வது பிரிவுகள் இதைச் சொல்கின்றன. அவர் இதைத் தொழிலாகச் செய்பவரென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. வாடகையாகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் போகாதவரை மனுவுக்குக் கட்டணமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். கார் பதிவு செய்த தகவல் உண்மையாகவே இரண்டாவது கியரைக் காட்டினால், சண்டை போடாமல் ரிப்பேர் பில்லை வாங்கிப் பார்த்து, பழைய இன்ஜினின் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்குப் பேசி முடியுங்கள்.