புல் ரிக்வெஸ்ட்டில் குவிந்த திருத்தங்கள்: மகள் சோர்ந்துவிட்டால் என்ன செய்வது?

அன்புள்ள அம்மா,

மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் உங்கள் மகள், ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் (யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள்) இருந்த ஒரு பிழையைச் சரிசெய்து, முதல்முறையாகக் கோடு (நிரல்) எழுதி, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பியிருக்கிறாள். பதிலாக வந்ததெல்லாம் ஸ்பேஸ், வரி நீளம், வேரியபிள் பெயர் பற்றிய குறிப்புகள். "எனக்கு இந்த ஃபீல்டே சரிப்படாது" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள் என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தேன். அவள் பிழையைச் சரிசெய்த விதத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. கணக்கைச் சரியாகப் போட்ட விடைத்தாளில் மார்ஜின் போடவில்லை என்று சிவப்பு மையால் சுழித்த மாதிரிதான் இது. துறையை மாற்றும் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம்.

அதற்காக அவள் கோபத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலையே பாருங்கள். அங்கே வரியை உள்ளே தள்ளி எழுத ஸ்பேஸ் அல்ல, டேப்தான். ஒரு டேப் 8 எழுத்து அகலம். வரி 80 எழுத்தைத் தாண்டினால் செக்பேட்ச் என்ற சோதனை நிரல் பல காலம் எச்சரித்துக்கொண்டிருந்தது. 2020-இல்தான் அந்த எல்லை 100 ஆனது. நெட்வொர்க் பகுதிக்குப் போனால், ஃபங்ஷனின் தொடக்கத்தில் வேரியபிள்களை நீளமான வரி மேலே, குட்டையான வரி கீழே வரும்படி அடுக்கச் சொல்வார்கள். எல்லாப் பகுதியிலும் இப்படிக் கேட்பதில்லை, புதியவருக்கு அது எப்படித் தெரியும்? போதாததற்கு, பேட்ச்சை, அதாவது செய்த திருத்தத்தை, மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டினால் டேப்பெல்லாம் ஸ்பேஸாக மாறிவிடும், பேட்ச் கெட்டுப்போகும். கெர்னலின் ஆவணமே இதைச் சொல்லி ஜிமெயில் வலைப்பக்கம் வேண்டாம் என்கிறது. அதைப் படிக்காமல் அனுப்பிய மாணவருக்கு, தான் ஒழுங்காக எழுதிய கோடு ஏன் திரும்பி வந்தது என்றே புரியாது.

விதி கறாராக இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. முகம் தெரியாத பலர் பல வருடம் தொடும் கோடு ஒரே மாதிரி இருந்தால்தான் படிக்க முடியும். அதை மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சுட்டிக்காட்டும்போதுதான் மனசு விட்டுப்போகிறது. கோ என்ற நிரல் மொழியில் இந்தத் தொல்லை குறைவு. கோஃபம்ட் என்ற கருவி மொழியோடேயே வருகிறது, அது அடுக்கித் தருவதுதான் ஸ்டைல். பைத்தான் மொழிக்கு 2018-இல் பிளாக் என்ற இதே மாதிரிக் கருவி வந்தது. அதுவும் கறார்தான்: வரிக்கு 88 எழுத்து, மாற்றிக்கொள்ள அதிக வசதி கிடையாது. ஆனால் ஒரு கமாண்ட் ஓட்டினால் வேலை முடிந்தது, யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ திட்டம் 2022-இல் தன் பைத்தான் கோடை பிளாக்குக்கு மாற்றிவிட்டது.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்று கண்ணில் பட்டது. அவள் மாற்றியது சில வரிகள்தான், ஆனால் முழு ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது. அவளுடைய எடிட்டரில் சேவ் செய்யும்போதே முழு ஃபைலையும் தானாக அடுக்கிவிடும் (ஃபார்மட்) அமைப்பு ஆனில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை அணைத்துவிட்டு, தான் தொட்ட வரிகளை மட்டும் மாற்றித் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். வந்த குறிப்புகளில் பாதி அதிலேயே காணாமல் போகும். மீதியை வாதம் செய்யாமல் அவர்கள் கேட்டபடி திருத்திவிடட்டும். ஸ்டைல் விஷயத்தில் திட்டத்தை நடத்துபவர் வைத்ததுதான் சட்டம்.

அடுத்த திட்டத்தை அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். பங்களிப்பு வழிகாட்டி ஃபைல் இருக்கிறதா, ஃபார்மட்டர் (பிளாக் போல அடுக்கித் தரும் கருவி) பெயரும் அதை ஓட்டும் கமாண்டும் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், முடிந்துபோன பழைய புல் ரிக்வெஸ்ட்களில் புதியவர்களுக்கு என்ன பதில் போயிருக்கிறது என்று படிக்க வேண்டும். கோடின் லாஜிக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் வெறும் ஸ்பேஸ் பஞ்சாயத்தாகவே இருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

கேம்பஸ் இன்டர்வியூவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏற்கப்பட்ட ஒரு சின்னத் திருத்தத்தின் லிங்க் ரெஸ்யூமேயில் இருந்தால் நல்லது. என்ன குறிப்பு வந்தது, அதைப் பார்த்து எதை மாற்றினாள் என்று அவளால் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. வேலைக்குச் சேர்ந்த பிறகு தினமும் நடக்கப்போவது அதுதானே.

திருத்தி அனுப்பிய பிறகு இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு வரி நினைவூட்டல் போடலாம். அதற்கும் பதில் வராவிட்டால் வேறு திட்டத்துக்குப் போய்விடலாம். அதுவரை "ஏத்துக்கிட்டாங்களா?" என்று தினமும் கேட்காதீர்கள் அம்மா.