இலியட்டில் அக்கிலீஸின் குதிகால் எங்கே?

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டில், கிரேக்க மாவீரன் அக்கிலீஸ் குதிகாலில் அம்பு பட்டுச் சாகும் காட்சியைக் காணோமே, பக்கம் விடுபட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிரதியில் பக்கம் எதுவும் விடுபடவில்லை. அந்தக் காட்சி இலியட்டில் கிடையவே கிடையாது. அக்கிலீஸ் கொன்ற ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு 24ஆம் காண்டம் முடிந்துவிடுகிறது.

காயமே படாத உடம்பு வேண்டும் என்று தாய் தெட்டிஸ் குழந்தை அக்கிலீஸை ஸ்டிக்ஸ் என்ற பாதாள உலக ஆற்றில் முக்கியெடுத்த கதை (அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை என்பார்கள்), கி.பி. 1ஆம் நூற்றாண்டு ரோமக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் வருகிறது. சிறுவர் நூல்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதால் குழப்பம் வந்திருக்கும்.

21ஆம் காண்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ட்ராய் பக்கத்து வீரன் அஸ்டெரோபயஸ் இரு கையாலும் ஒரே நேரத்தில் ஈட்டி எறிகிறான். ஒன்று கேடயத்தில் தடைபட, மற்றது அக்கிலீஸின் வலது கையைக் கீறி ரத்தம் வழிகிறது. காயமே படாத உடம்பு இல்லை அது. எனக்கு அக்கிலீஸைப் பிடித்ததே அதனால்தான்.

ஆனால் முன்னறிவிப்பு உண்டு: என் தம்பி பாரிஸும் அப்பல்லோ தெய்வமும் ட்ராயின் ஸ்கேயன் வாயிலில் உன்னை வீழ்த்துவார்கள் என்று 22ஆம் காண்டத்தில் ஹெக்டர் சாகும்போது அக்கிலீஸிடம் சொல்கிறான்.