கண்ணுக்குள் ஒரு புரதம்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். பி.ஈ.டி.எஃப். என்ற புரதத்தைப் பற்றி எழுதியதும் எஸ்டேட் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை.

லோரி ஓட்டும் தம்பி: அண்ணே, அது என்ன புரதம்? புரியிற மாதிரி சொல்லுங்க.

நம் உடம்பே செய்வது, தம்பி. விழித்திரைக்குப் பின்னால் நிறமிச் செல்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன. 1980களின் கடைசியில் ஜாய்ஸ் டோம்ப்ரான்-டிங்க், லிங்கன் ஜான்சன் இருவரும் அந்தச் செல்கள் வளர்ந்த திரவத்தை எடுத்து, விழித்திரைப் புற்றுநோய்ச் செல்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். கண்டபடி பெருகிக்கொண்டிருந்தவை நரம்புச் செல் போல இழை நீட்டத் தொடங்கின. திரவத்தில் எது இதைச் செய்தது என்று தேடியபோது அகப்பட்டதுதான் இந்தப் புரதம். நிறமிச் செல் அடுக்கிலிருந்து வந்த காரணி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் பி.ஈ.டி.எஃப்.

1999இல் சிகாகோவில் நோயல் பூக் குழு இன்னொரு வேலையைக் கண்டது. புது ரத்தநாளம் முளைப்பதையும் இது தடுக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் விழித்திரைச் செல்கள் இதைக் குறைத்துவிடும். அதே நேரம் நாளத்தை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப். ஏறும். இனிப்பு நீர்க்காரர் கண்ணில் சின்ன நாளங்கள் அடைபட்டால் நடப்பது இதுதான். மறுநடவுக் காட்டில் லாலாங் ஏறுவது போல புது நாளங்கள் கிளம்பும். அவற்றின் சுவர் பலவீனமானது. கசியும், உடையும், கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்.

படிவம் ஆறு மாணவி: அப்படியென்றால் பழைய நாளங்களையும் அது அழித்துவிடாதா, ஐயா?

இன்று வந்ததில் இதுதான் கேள்வி. வளரத் தூண்டப்பட்ட நாளச் செல்லின் மேல் ஃபாஸ் என்ற ஏற்பி, அதாவது பூட்டு போன்ற ஒரு புரதம், கூடும். பி.ஈ.டி.எஃப். அதற்குச் சாவி போலப் பொருந்தும் ஃபாஸ் லிகண்டைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் செல் தானே மடியும். சும்மா கிடக்கும் பழைய நாளத்தில் ஃபாஸ் குறைவு, அதனால் தப்பிக்கும். 2002இல் வந்த ஆய்வு இது. பள்ளி நூலகத்தில் கிடைக்காது, ஆசிரியரிடம் சொல்லித் தேடச் சொல்லம்மா.

ஓர் அக்கா: மாத்திரை எங்கே வாங்கலாம்?

எங்கேயும் இல்லை. புரதத்தை விழுங்கினால் வயிறு செரித்துவிடும். இந்தப் புரதத்தின் மரபணுவைக் கண்ணுக்குள் செலுத்தி 28 நோயாளிகளிடம் பார்த்த முதல் கட்டச் சோதனை 2006இல் வெளியானது. இன்னும் மருந்தாகவில்லை. அதை விடுங்கள், இனிப்பு நீர் இருந்தால் விழித்திரையைப் படம் எடுத்தீர்களா?

இன்னொருவர்: பவுடராகக் கிடைக்குமா?

மாத்திரைக்குச் சொன்ன பதிலேதான்.

ஆட்டுக்கால் சூப்?

ருசிக்குக் குடியுங்கள்.

கோயில் கமிட்டி அண்ணன்: எங்க லயத்தில் ஒருத்தர் கண்ணில் ஊசி போட்டும் பார்வை போச்சு. இயற்கையாக உடம்பில் உள்ளதைக் கூட்டுவதுதானே நல்லது?

அண்ணே, கண்ணைக் கெடுக்கிற வி.ஈ.ஜி.எஃப். எங்கிருந்து வந்தது? அதுவும் இயற்கைதான். அது இல்லாமல் கருவில் ரத்தநாளமே உருவாகாது. இயற்கை என்ற பேரை வைத்து எதையும் எடைபோட முடியாது, எந்த இடத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. இன்னொன்றும் கேளுங்கள். முற்றிய இனிப்பு நீர்க் கண்ணின் திரவத்தில் பி.ஈ.டி.எஃப். குறைகிறது. ஆனால் தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்தவரின் ரத்தத்திலோ அது கூடுதலாக இருக்கிறது. எங்கே போய் எதைக் கூட்டுவீர்கள்?

லயத்துக்காரர் கதையில் ஊசிக்கு முன் எத்தனை வருடம் படம் எடுக்காமல் இருந்தார் என்று முதலில் விசாரியுங்கள்.

அதே அண்ணன்: வி.ஈ.ஜி.எஃப். நரம்பையும் காக்குதாமே. ஊசி அதைத்தானே அடைக்குது?

சரியான பிடி! ஆமாம், அதற்கும் நரம்பைக் காக்கும் குணம் உண்டு. ஊசியை நீண்ட காலம் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ச்சியாளர்களும் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் விழித்திரை வீங்கி, கசிந்துகொண்டிருக்கிற கண்ணை அப்படியே விட்டால் பார்வை போகும் அபாயம் அதிகம். பெவாசிசுமாப் 2004இல் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து, கண் டாக்டர்கள் அதையும் கண்ணுக்குப் போடுகிறார்கள். 2006இல் வந்த ரானிபிசுமாப் கண்ணுக்கென்றே செய்தது. லேசர், ஊசி எது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நானும் இல்லை, டீக்கடையும் இல்லை.

அக்கா மகனுக்கு அடிக்கடி எலும்பு முறியுது. இதற்கும் அதற்கும் சம்பந்தமா?

இந்தப் புரதமே சுரக்காத ஒருவகை எலும்பு முறிவு நோய் உண்டு, 2011இல் காரணம் தெரிந்தது. மிக அரிது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், இங்கே கேட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

எனக்குப் பார்வை நன்றாக இருக்கு. படம் எதற்கு?

இதே கேள்வி இன்று நாலைந்து பேர் கேட்டாகிவிட்டது. நாளம் முளைக்கும்போது வலிக்காது, மங்காது. உடைந்த பிறகுதான் தெரியும். இனிப்பு நீர் இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவை அரசு கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுக்கக் கேளுங்கள். கண்ணில் சொட்டு விட்டால் சில மணி நேரம் கூசும், மங்கும். மோட்டாரில் தனியாகப் போகாதீர்கள், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.