மாநிலம் மாறும் சைக் என்.பி.க்களுக்கு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இன்று கிளினிக் இல்லை. மதியம் வரை இருப்பேன். மனநல நர்ஸ் பிராக்டிஷனராக (சைக் என்.பி., அதாவது நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸ்) அரிசோனாவில் ஆரம்பித்து, டெக்சாஸுக்குப் போய், இப்போது வாஷிங்டனில் இருக்கிறேன். மூன்று முறை லைசென்ஸ் வாங்கியதில் பட்ட அடிகளைச் சொல்வேன். விசா, வருமான வரி பற்றிக் கேட்காதீர்கள். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை.

ஒஹையோவிலிருந்து: அக்கா, டெக்சாஸில் வேலை கிடைத்திருக்கிறது. என் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ் காம்பாக்ட் லைசென்ஸ், அதாவது ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களிலெல்லாம் செல்லும். அதை வைத்தே அங்கே சைக் என்.பி.யாகச் சேர்ந்துவிடலாம் என்று எச்.ஆரில் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. எச்.ஆர். சொன்னதை நம்பி பெட்டி கட்டாதீர்கள்.

காம்பாக்ட் என்பது ஆர்.என்.களுக்கும் எல்.பி.என்.களுக்கும் (ஆர்.என்.னுக்குக் கீழ்நிலை நர்ஸ்கள்) மட்டும். என்.பி. லைசென்ஸ் ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாக வாங்க வேண்டியது. என்.பி.க்களுக்கென்று தனியாக ஒரு காம்பாக்டை 2020-இல் எழுதிவைத்தார்கள். 7 மாநிலங்கள் சட்டம் இயற்றினால்தான் அது உயிர் பெறும். டெலவேர், யூட்டா, இரண்டு டகோட்டாக்கள் என்று கைவிரலில் எண்ணும்படிதான் சேர்ந்திருக்கின்றன. அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

ஆகவே டெக்சாஸ் நர்சிங் போர்டில் என்.பி.க்கு விண்ணப்பம் போடுங்கள். அங்கேயே குடியேறுகிறீர்கள் என்றால் ஆர்.என்.னையும் மாற்ற வேண்டும். குடியேறி 60 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும் என்று 2024 முதல் விதி. ஆர்.என். மாற்றத்துக்கு அந்த மாநில நர்சிங் சட்டத்தில் ஒரு தேர்வு உண்டு. கஷ்டமில்லை, ஆனால் படிக்காமல் உட்காராதீர்கள். ஒஹையோ லைசென்ஸ்களை நர்சிஸ் என்ற லைசென்ஸ் சரிபார்ப்பு இணையதளம் வழியாகச் சரிபார்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஆர்.என்.னுக்குத் தனி, என்.பி.க்குத் தனி. ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு ஏன் இன்னும் வரவில்லை என்று போர்டுக்குப் போன் போடுகிறவர்கள் நிறைய.

அப்புறம் பின்னணிச் சோதனைக்கான கைரேகை. சிரிக்காதீர்கள். எனக்கு இரண்டு முறை திரும்பி வந்தது. 20 வருடம் கை கழுவியும் சானிடைசர் போட்டும் விரல் நுனியில் ரேகையே இல்லை. அந்தப் பெண் என் ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "நர்ஸா?" என்று கேட்டாள். ஒரு வாரம் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்து, மூன்றாவது முறை போனபோதுதான் எடுபட்டது. எடுக்கப் போகிற அன்று காலை தடவாதீர்கள், வழுக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு "அங்கே நான் என்னென்ன மருந்து எழுத முடியும்" என்று பாருங்கள். டெக்சாஸில் டாக்டர் ஒருவருடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாமல் என்.பி. ஒரு மாத்திரை கூட எழுத முடியாது. ஒப்பந்தம் இருந்தாலும் ஷெட்யூல் 2 (கடும் கட்டுப்பாட்டில் உள்ள) மருந்துகளை மருத்துவமனையிலும், மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கான ஹாஸ்பிஸிலும்தான் எழுதலாம். வெளிநோயாளி கிளினிக்கில் ஏ.டி.எச்.டி.க்கான (கவனக்குறைவு, அதிதுடிப்புக் கோளாறு) ஆடரால், ரிட்டாலின் எழுத வழியில்லை. அரிசோனாவில் ஏ.டி.எச்.டி. நோயாளிகளை நானே முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டெக்சாஸ் போனபோது முதல் வாரமே கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் டாக்டர் கதவைத் தட்ட வேண்டும். உங்களுக்குக் கொடுக்கப்போகும் நோயாளிகளில் எத்தனை பேர் ஏ.டி.எச்.டி., அவர்களுக்கு யார் எழுதுவார் என்று இன்றே கேளுங்கள்.

சென்னையிலிருந்து: எம்.எஸ்சி. சைக்யாட்ரிக் நர்சிங் முடித்து 9 வருட அனுபவம். நேரடியாக அமெரிக்காவில் சைக் என்.பி. லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது தங்கை. உங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு வார்டு முழுவதையும் தனியாகக் கட்டி மேய்த்த உங்களுக்கு நான் கற்றுத்தர ஒன்றுமில்லை. ஆனால் இங்கே பாதை வேறு. முதலில் படிப்பு மதிப்பீடு, என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் தேர்வு), ஆர்.என். லைசென்ஸ். பிறகு இங்கே அங்கீகாரம் உள்ள கல்லூரியில் சைக் என்.பி.க்கான மேற்படிப்பு. அதில் உடலியக்கக் கோளாறு, உடல் பரிசோதனை, மருந்தியல் மூன்றும் மேல்நிலைப் பாடங்களாக இருக்க வேண்டும்; குறைந்தது 500 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளி பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் ஏ.என்.சி.சி. (நர்ஸ்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு) நடத்தும் சான்றிதழ் தேர்வு. கடைசியில் மாநில லைசென்ஸ்.

ஃபீனிக்ஸிலிருந்து: நியூ ஜெர்சிக்குப் போகிறேன். டி.இ.ஏ. எண்ணுக்கு (கட்டுப்பாட்டு மருந்து எழுதத் தேவையான மத்திய அரசுப் பதிவு) திரும்பவும் 888 டாலர் கட்ட வேண்டுமா?

அரிசோனாவை முழுதாக விடுகிறீர்கள் என்றால் வேண்டாம். இருக்கிற பதிவிலேயே முகவரியை மாற்றலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு மாநிலத்திலும் எழுதப் போகிறீர்கள் என்றால் இரண்டு பதிவு, இரண்டு 888.

வரிசை முக்கியம். முதலில் மாநில லைசென்ஸ். பிறகு நியூ ஜெர்சியின் சொந்தக் கட்டுப்பாட்டு மருந்துப் பதிவு (இல்லினாய், மாசசூசெட்ஸிலும் இப்படி ஒன்று உண்டு). அதற்குப் பிறகுதான் டி.இ.ஏ. போதைப் பழக்க சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சியை முடித்தாயிற்று என்று உறுதிசொல்லும் கட்டமும் வரும். 2023 ஜூன் முதல் அது ஒரு முறை கட்டாயம்.

நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். முன்ஜாக்கிரதை என்று நினைத்து, பழைய வேலையில் இன்னும் 2 வாரம் இருக்கும்போதே டி.இ.ஏ. முகவரியை மாற்றிவிட்டேன். அன்று மதியம் ஒரு அம்மாவுக்கு வழக்கமான குளோனசெபாம் (பதற்றத்துக்கான கட்டுப்பாட்டு மருந்து) சீட்டை மருந்துக் கடைக்கு அனுப்பினால் சிஸ்டம் மறுக்கிறது. எனக்கு அந்த மாநிலத்தில் அதிகாரம் போய்விட்டது. 2 வாரம் பக்கத்து அறைக்காரர் எனக்காக எழுதிக் கொடுத்தார். அவருக்கு வீட்டிலிருந்து பிரியாணி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

திருச்சியிலிருந்து: பி.எஸ்சி. நர்சிங்கும் மனநல டிப்ளமோவும் உண்டு. நேரடியாக...

சென்னைத் தங்கைக்குச் சொன்ன பதிலேதான்.

அட்லாண்டாவிலிருந்து: சான்றிதழ்களில் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸில் கணவர் பெயர். புதிய மாநில போர்டு "யார் நீங்கள்" என்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் ஊர்க்காரர்களின் விண்ணப்பம் தாமதமாவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். "எஸ். மலர்" என்பதில் "எஸ்" என்பது அப்பா பெயரின் முதலெழுத்து என்று இங்கே ஒருவருக்கும் புரியாது. அவர்கள் கம்ப்யூட்டருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம்தான்.

கல்யாணச் சான்றிதழ், பெயர் மாற்ற ஆவணம், இந்த எல்லாப் பெயர்களும் நானே என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஒரு பிரமாணப் பத்திரம், மூன்றையும் விண்ணப்பத்தோடேயே வையுங்கள். கேட்ட பிறகு அனுப்பினால் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். ஏ.என்.சி.சி. சான்றிதழ், ஆர்.என்., டி.இ.ஏ., என்.பி.ஐ. (சிகிச்சையளிப்பவருக்கான தேசிய அடையாள எண்) எல்லாவற்றிலும் ஒரே பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். என்.பி.ஐ. எண் மாநிலம் மாறினாலும் மாறாது. விவரத்தை மட்டும் 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும்.

சான் ஹோசேயிலிருந்து: கணவருக்கு எச்-1பி விசா...

வக்கீல்.

வான்கூவரிலிருந்து (வாஷிங்டன் பக்கத்து வான்கூவர்): வீட்டிலிருந்தே வீடியோவில் பார்க்கிறேன். என் லைசென்ஸ் இந்த மாநிலத்தில் இருந்தால் போதுமா?

நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது பேச்சே இல்லை. நோயாளி அந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. கொலம்பியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரிகன், அங்கே தனி லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு சந்திப்பையும் "இன்று எங்கே இருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்து, பதிலைக் குறிப்பில் எழுதுங்கள். ஒருமுறை என் நோயாளி காரில் இருந்து பேசினார். பின்னால் ஜன்னலில் கடைப் பலகை தெரிந்தது. கேட்டால், "மகள் வீட்டுக்கு வந்தேன், ஐடஹோ." மன்னிப்புக் கேட்டு, வேறு நாள் வைத்துக்கொண்டேன். அவருக்குக் கோபம்தான்.

டாம்பாவிலிருந்து: அக்கா, காம்பாக்ட் லைசென்ஸ் வைத்து...

ஆர்.என்.னுக்கு மட்டும். ஆர்.என்.னுக்கு மட்டும். தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள். ஃப்ளோரிடாக்காரர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்ய 2020-இல் அங்கே வந்த சுயேச்சைப் பணிச் சட்டம் குடும்ப மருத்துவம் போன்ற அடிப்படை சிகிச்சைத் துறைகளுக்கு. சைக் என்.பி.க்களை அதில் சேர்க்கவில்லை.

ஹூஸ்டனிலிருந்து ஒரு மனநல மருத்துவர்: டாக்டர் மேற்பார்வையை ஏதோ இடைஞ்சல் மாதிரிப் பேசுகிறீர்கள். நாங்கள் எம்.டி. முடித்து 4 வருடம் ரெசிடென்சி செய்கிறோம். 500 மணி நேரத்தோடு தனியாக விட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்?

டாக்டர், நியாயமான கேள்வி. பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன்.

என் முதல் வேலையில் ஒரு வயதான டாக்டர் வியாழக்கிழமைதோறும் என்னோடு ஒரு மணி நேரம் உட்காருவார். அரிசோனாவில் சட்டம் கேட்கவில்லை, அவராகச் செய்தார். லித்தியம் (மனநிலையைச் சீராக்கும் மருந்து) சாப்பிடும் ஒரு பாட்டிக்குக் கை நடுக்கம். டீ கப்பை இரண்டு கையாலும் பிடித்தும் சிந்துகிறது. நான் பதற்றம் என்று நினைத்து மருந்தைக் கூட்டப் பார்த்தேன். அவர் "பி.பி. மாத்திரை புதிதாக ஏதாவது?" என்று ஒரே கேள்வி கேட்டார். வேறொருவர் தயசைடு என்ற பி.பி. மருந்தை ஆரம்பித்திருந்தார். அதனால் ரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது, நடுக்கம் அதிலிருந்துதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் இன்றும் கடன்பட்டவள். படித்து முடித்தவுடன் தனியாகக் கிளினிக் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்கும் பயம்தான்.

அதே மருத்துவர்: அப்படியானால் எங்கள் மாநிலச் சட்டம் சரிதானே?

அந்தச் சட்டம் அப்படிப்பட்ட டாக்டரைக் கொடுத்தால் சரி. டெக்சாஸில் எனக்குக் கிடைத்தவர் மாதம் ஒரு முறை போனில் வருவார். "எல்லாம் ஓகேயா?" "ஓகே." முடிந்தது. ஒரு நோயாளி பெயர் கூட அவருக்குத் தெரியாது. அவருக்கு மாதச் சம்பளம் மட்டும் தவறாமல் போனது. இதற்குப் பெயர் மேற்பார்வை இல்லை, வாடகை.

டாலஸிலிருந்து: எனக்கும் அதே கதை, அக்கா. அவர் விலகிவிட்டால் அன்றோடு என் நோயாளிகளுக்கு மருந்து இல்லை.

மருத்துவர்: எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். நான் ஒவ்வொரு மாதமும் கோப்புகளைப் படிக்கிறேன்.

நிறுக்கவில்லை டாக்டர். நீங்கள் படிக்கிறவர் என்றால் உங்களிடம் வேலை செய்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நியூயார்க்கில் 3,600 மணி நேரம் வேலை முடித்தவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் தேவையில்லை என்று விதி கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு கை, பிறகு சொந்தக் கால். எனக்கு அது பிடித்திருக்கிறது. சரி, இது கேள்வி பதில், பட்டிமன்றம் இல்லை. நடுவர் தீர்ப்பெல்லாம் கிடையாது. அடுத்தவர்.

சிகாகோவிலிருந்து: ஃபேமிலி என்.பி.யாக இருக்கிறேன். 3 வருடமாக மனநல நோயாளிகளைத்தான் பார்க்கிறேன். சைக் என்.பி. ஆக...

மனநலத்தில் முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பு, பிறகு தேர்வு. அனுபவத்தை வைத்துத் தேர்வு எழுத முடியாது.

போர்ட்லாண்டிலிருந்து: லைசென்ஸ் வந்த மறுநாளே நோயாளி பார்க்கலாமா?

சட்டப்படி பார்க்கலாம். பணம் வராது. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் உங்களைத் தங்கள் பட்டியலில் சேர்க்க 3, 4 மாதம்கூட இழுப்பார்கள். சி.ஏ.கியூ.எச். (காப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும் பொதுத் தகவல் தளம்) விவரங்களை 120 நாளுக்கு ஒரு முறை உறுதிப்படுத்த மறந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும். அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கையில் நாலு மாதச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: எம்.எஸ்சி. சைக்யாட்ரிக்...

மேலே.

ராலேயிலிருந்து: அரிசோனா போர்டுக்கு விண்ணப்பம், கைரேகை, எல்லாம் அனுப்பிவிட்டேன் அக்கா. வீட்டு ஓனரிடம் இந்த மாதத்தோடு காலி செய்கிறேன் என்று சொல்லிவிடலாமா?

சொல்லாதீர்கள். போர்டு தளத்தில் உங்கள் பெயரைத் தட்டினால் என்.பி. என்று எண்ணோடு வர வேண்டும். வந்ததா? வரவில்லை என்றால் வாடகையைக் கட்டுங்கள்.