பேப் ரூத் படமும் அதன் பின்புற முத்திரையும்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பழம்பொருள் கடை ஒன்றில், பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் கறுப்பு-வெள்ளைப் புகைப்படத்தை ‘1927ஆம் ஆண்டின் அசல் பிரிண்ட்’ என்று சொல்லி 900 டாலர் கேட்கிறார்கள். பின்புறத்தில் ‘யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்’ என்ற ரப்பர் முத்திரை தெளிவாக இருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

பதில்: விற்பவரின் கூற்றுக்கு அந்த முத்திரையே எதிர்சாட்சி. யுனைடெட் பிரஸ், இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் ஆகிய இரு செய்தி நிறுவனங்கள் 1958இல் இணைந்த பிறகுதான் இந்தப் பெயரே வழக்கத்துக்கு வந்தது. ரூத் 60 ஹோம் ரன் அடித்த 1927இல் படம் எடுக்கப்பட்டிருந்தாலும், முத்திரை விழுந்தது குறைந்தது 31 ஆண்டுகள் கழித்துத்தான். முத்திரையின் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் குறியீடும் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால், அது 1963க்கு முன்பு குத்தப்பட்டதாக இருக்க முடியாது.

ஆயினும், முத்திரையின் வயதும் தாளின் வயதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. செய்தி நிறுவனங்கள் பழைய பிரிண்டுகளைக் கோப்பில் வைத்திருந்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தின. நிறுவனம் கைமாறியபோது புதியவரின் முத்திரையும் அதே தாளில் ஏறியது. 1952இல் யுனைடெட் பிரஸ்ஸிடம் சேர்ந்த ஆக்மி நியூஸ்பிக்சர்ஸ் என்ற செய்திப்பட நிறுவனத்தின் படங்கள் இப்படிப் பயணப்பட்டவையே. ஆகவே பின்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, மங்கிப்போன பழைய முத்திரையோ, தட்டச்சு செய்து ஒட்டிய விளக்கச் சீட்டோ, அது உரிந்த பசைத் தடமோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கதையே வேறு: தாள் இந்த முத்திரையைவிடப் பழையதாக இருக்கலாம்.

விலையில் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். படம் எடுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் மூல நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்டை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் முதல் வகை என்கிறார்கள். அதே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் போட்டது இரண்டாம் வகை. நகல் நெகட்டிவிலிருந்தோ தொலைபேசிக் கம்பிவழி அனுப்பியோ பெற்றவை, இதே கால அளவின்படி மூன்றாம், நான்காம் வகைகளாகும். பழைய முத்திரை ஏதும் இல்லையென்றால், உங்கள் படம் பெரும்பாலும் இரண்டாம் அல்லது நான்காம் வகையாகவே இருக்கும்.

புகைப்படக்காரரின் சொந்த முத்திரை இருந்தால் மதிப்பு கூடும் என்பது உண்மை. நியூயார்க் நாளிதழ் ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்துகொண்டே 1904 முதல் வீரர்களைப் படமெடுத்த சார்லஸ் கான்லனின் பெயர் பின்புறத்தில் இருந்தால் ஏலத்தில் போட்டி மூளும். ஆனால் ரப்பர் முத்திரையை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதால், தாளும் அதே காலத்தைச் சொல்ல வேண்டும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது தாள் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதில் 1950களை ஒட்டிப் பரவலான வெளிர்ப்பூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. அந்தத் தாளில் 1927இல் பிரிண்ட் போட்டிருக்க வழியில்லை. ஒளிராவிட்டால் அசல் என்றும் முடிவுகட்ட முடியாது, ஏனெனில் பிற்காலத் தாள்களிலும் ஒளிராதவை உண்டு. கரும்பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் படிவு பழமைக்கு நல்ல அறிகுறி.

‘1927இல் போட்ட பிரிண்ட்’ என்று ரசீதில் எழுதி, தவறென்றால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் குறிப்பிடச் சொல்லுங்கள். ‘1927இல் எடுத்த படம்’ என்று மட்டும் எழுதித் தந்தால், 900 டாலர் கொடுக்காதீர்கள்.