பளபளக்கும் மூன்று காரட்டா, கீறல் விழுந்த முக்கால் காரட்டா?

கேள்வி: மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு மரகத மோதிரம் போட ஆசை. கையில் இருப்பது 20,000 ரூபாய்தான். புதுச்சேரியில் ஒரு கடையில் மூன்று காரட் கல்லை 9,000 ரூபாய்க்குக் காட்டினார்கள்; கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. இன்னொரு கடையில் முக்கால் காரட் கல்லுக்கே 12,000 சொல்கிறார்கள், அதில் உள்ளே கீறல் கீறலாகத் தெரிகிறது. பாலில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார் நாத்தனார். எதை வாங்கலாம்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முதல் கல்லை மறந்துவிடுங்கள். இரண்டாவது கடைக்கு இன்னொரு முறை, பகல் வெளிச்சத்தில் போய் வாருங்கள்.

நீங்கள் குறை என்று நினைக்கும் அந்தக் கீறல்தான் என்னை அந்தக் கல் பக்கம் இழுக்கிறது. மரகதம் பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. குரோமியமோ வனேடியமோ துளி கலந்ததால் வந்த பச்சை அது. பாறைக்குள் வளரும்போதே வெடிப்பு, திரவம் அடைபட்ட நுண்குழி, வேறு கனிமத் துணுக்கு எல்லாம் உள்ளே சிக்கிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ழார்தேன்', அதாவது தோட்டம் என்பார்கள். புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்கும் அதே சொல்தான். நல்ல நிறத்தோடு, தோட்டமே இல்லாமல், மூன்று காரட்டில் ஒரு இயற்கைக் கல் கிடைத்தால் அதன் விலையில் இன்னும் சில பூஜ்யங்கள் இருக்கும். 9,000 ரூபாய்க்கு வருவது கண்ணாடியாக இருக்கலாம், சிர்கோனியா என்ற செயற்கைக் கல்லாக இருக்கலாம், ஆய்வகத்தில் வளர்த்த மரகதமாகவும் இருக்கலாம்.

பால் சோதனைக்கு வருவோம். பாலில் போட்டால் பால் பச்சையாகத் தெரியும் என்பார்கள். மரகதத்துக்குத் தெரிந்தால் உடைந்த பச்சைக் கண்ணாடி வளையலுக்கும் தெரியும். நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சில கடைகளில் செல்சி ஃபில்டர் என்ற சிறு நிறக் கண்ணாடி வழியே கல்லைப் பார்க்கச் சொல்லி, 'பாருங்க, சிவப்பா தெரியுது, ஒரிஜினல்' என்பார்கள். ஆய்வகக் கல்லும் சிவப்பாகத் தெரியும். நல்ல ஜாம்பியா கல் சிவப்பே காட்டாமலும் போகும். வைரம் பார்க்கும் மின்கருவியும் மரகதத்துக்கு உதவாது.

இந்த ஏமாற்று இன்று நேற்று வந்ததில்லை. இந்தியர்கள் படிகக்கல்லுக்குச் சாயம் ஏற்றி பெரில் என்று விற்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே ஒரு ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். ரோமாபுரியோடு வணிகம் செய்த, புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் கல்மணியும் கண்ணாடி மணியும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைத்திருக்கின்றன. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக்குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. உதிரிக்கல்லைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பக்கவாட்டில் பாருங்கள்; நடுவில் மட்டும் பச்சைக் கோடு ஓடி மேலும் கீழும் வெளுத்திருந்தால் இரண்டு துண்டை நிறப்பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் சிர்கோனியா. அது மரகதத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம். ஆனால் ஆய்வக மரகதத்தை லூப் மட்டும் வைத்து நீங்கள் பிடிக்க முடியாது. பழகிய கண்ணே தடுமாறும். அதற்குத்தான் சர்டிபிகேட்.

கடை பெயர் அச்சடித்த லேமினேட் கார்டு சர்டிபிகேட் ஆகாது. தனி ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும்; அதில் உள்ள எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் தட்டினால் அதே கல்லின் எடையும் மில்லிமீட்டர் அளவும் வர வேண்டும். கல்லை உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு காரட் 0.2 கிராம். 22 காரட் தங்கம் என்கிறோமே, அது சுத்தத்தின் கணக்கு, இது எடை. இரண்டையும் குழப்பிப் பேசும் விற்பனையாளரும் உண்டு. அறிக்கையில் 'இயற்கை' என்ற சொல்லுக்கு அடுத்து எண்ணெய் பற்றிய வரியைத் தேடுங்கள். மரகதத்தின் வெடிப்பில் எண்ணெயோ பிசினோ ஏற்றித் தெளிவாக்குவது உலகம் முழுக்க உள்ள வழக்கம், அதில் தப்பில்லை. எண்ணெய் அளவு 'மைனர்' (கொஞ்சம்), 'மாடரேட்' (மிதம்) என்றிருந்தால் வாங்கலாம். 'சிக்னிஃபிகன்ட்' (அதிகம்) என்றிருந்தால் விலையை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். பச்சைச் சாயம் கலந்த எண்ணெய் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில்லில் 'பச்சைக்கல்' என்று எழுத விடாதீர்கள். பச்சையாக இருக்கும் எதுவும் பச்சைக்கல்தான். 'இயற்கை மரகதம்', எடை, அறிக்கை எண் மூன்றும் இருக்கட்டும். ஹால்மார்க் முத்திரையைக் காட்டிச் சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். அது தங்கம், வெள்ளியின் சுத்தத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

20,000 ரூபாய்க்கு வருகிறேன். இன்றைய விலையில் இரண்டு கிராம் தங்கமே உங்கள் பணத்தைத் தின்றுவிடும். கல்லை உதிரியாக வாங்கி, அறிக்கை எடுத்து, வெள்ளியில் பதியுங்கள். பிறகு கை வசதிப்படும்போது தங்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் மூடிய நகையில் பதித்த கல்லை மட்டும் வாங்காதீர்கள். அடியில் தகடு வைத்து வெளுத்த கல்லையும் பச்சையாகக் காட்ட முடியும். பெரிய கல்தான் கண்ணுக்கு நிறைவு என்றால் ஆய்வக மரகதத்தை அப்படியே சொல்லி, அதற்குரிய விலையில் வாங்குவதும் கௌரவமான வழிதான். புதனுக்கு ஆகுமா என்பது உங்கள் ஜோசியர் பாடு.

இன்னொன்று. மரகதம் கெட்டியான கல், ஆனால் இடி தாங்காது. ஒரு அம்மா மோதிரத்தைப் பாலிஷ் போடக் கொடுத்தார். ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டதில் எண்ணெய் கழன்று, கல் முழுக்க வெள்ளை வெடிப்பாகத் திரும்பி வந்தது. ஆசாரி ஊது நெருப்பு வைக்கும் முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். மகள் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள் என்றால் மோதிரத்தை விட்டு டாலராகச் செய்யுங்கள். கம்பியில் இடிபடுவது விரல்தான், கழுத்தில்லை.